முதல் சாம்பிள்

எங்கள் ஆய்வகத்தின் பழைய நோட்டுகளில் எதைத் திறந்தாலும் முதல் வரியில் இருப்பது நோயாளியின் பெயர் அல்ல, அந்த நோட்டை எழுதிய பெண்ணின் பெயர். தேதி, பெயர், வயது, எடுத்த இடம், கண்டது என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார். இரண்டாவது வரியிலிருந்துதான் வார்டு ஆட்கள் வருவார்கள். எந்தப் பரிசோதனை புதிதாக வந்தாலும் முதல் ரத்தம் அவர் விரலிலிருந்து, முதல் சளி அவர் தொண்டையிலிருந்து. மலப் பரிசோதனைக்கும் அதே விதிதான். மாணவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

“அடுத்தவங்களை வாயத் தெறக்கச் சொல்றதுக்கு முன்னாடி நம்ம வாயில என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்ல சார்” என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவர் லேப் டெக்னீஷியன். நான் அங்கே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தபோது எழுபதுகளில் பாதி கடந்திருந்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கு நாற்பது இருக்கும். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். என் குடும்பம் அதே பக்கத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். அவருடைய அம்மா அப்படிப்பட்ட வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நாங்கள் அதை ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அவரை நான் ‘என்னம்மா’ என்றும், பக்கத்து அறையில் அவரைவிட இளையவராக இருந்த டெக்னீஷியனை ‘வாங்க சார்’ என்றும் கூப்பிட்டதில் அது இருந்தது.

அவரைப் பற்றிப் பெருமையோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். என் தவறைச் சொல்லாமல் அவருடைய பெருமையைச் சொல்ல முடியாது என்பது இதற்குள்ளாகவே தெரிந்துவிட்டது. எண்பது வயதுக்குமேல் ஒளிப்பதற்கும் ஒன்றும் இல்லை.

ஒல்லியான உருவம். மைக்ரோஸ்கோப்பில் இடது கண்ணால்தான் பார்ப்பார், வலது கண்ணை மூடாமல். பதினோரு மணிக்கெல்லாம் இடது கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் பதிந்துவிடும். மாலையில் பஸ் ஏறும்போதும் அந்த வட்டம் இருக்கும். கண்டக்டர் ஒருவர், “என்னக்கா, வீட்டுல அடியா?” என்று கேட்டிருக்கிறார். “அடிக்கிறவரு இன்னும் பொறக்கல, டிக்கெட்டக் கிழிங்க” என்றாராம். இதை அவரே சொன்னார். சொல்லிவிட்டு ஸ்லைடைத் துடைத்தார்.

நாங்கள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தவை வாயில் வாழும் மிகச் சிறிய உயிர்கள். ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இருக்கும். ஒன்று அமீபாவைப் போல் ஊரும். இன்னொன்று மெல்லிய சாட்டை வால்களோடு துள்ளும். வார்டில் எல்லாரும் அவற்றைப் ‘பூச்சி’ என்றே சொன்னார்கள், கடைசியில் நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். உடம்புச் சூடு இருக்கும்வரைதான் இந்தப் பூச்சிகள் அசையும். ஆறிவிட்டால் உருண்டுகொள்ளும். அப்புறம் அது பூச்சியா, சீழ் அணுவா என்று பெரிய படிப்புப் படித்தவனுக்கும் தெரியாது.

“ஆறிப்போச்சுன்னா இட்டிலியும் ஒண்ணுதான், கல்லும் ஒண்ணுதான் சார்” என்பார்.

ஆகவே வார்டிலிருந்து லேபுக்குச் சாம்பிள் கொண்டுவரும் வேலையை அவர் யாரிடமும் விடவில்லை. மூடிய சின்னக் குப்பிகளைத் துணியில் சுற்றி, இடுப்பில் புடவைக்குள் சொருகிக்கொண்டு, இரண்டு கட்டடங்களைத் தாண்டி விறுவிறு என்று வருவார். வழியில் டீனே எதிரில் வந்தாலும் நிற்கமாட்டார். மார்கழியில் டீக்கடையிலிருந்து டிபன் பாக்ஸில் சுடுதண்ணீர் வாங்கிவந்து, அதன் மூடிமேல் ஸ்லைடை வைப்பார். சித்திரையில் அதுவும் வேண்டாம். “இந்த மாசம் மதுரையே இன்குபேட்டருதான்” என்பார். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைக்குமுன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒருகணம் ஒற்றிப் பார்ப்பார், கைக்குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவர்களைப் போல.

என் ஆராய்ச்சி நுரையீரலில் தழும்பு ஏறும் நோயைப் பற்றியது. மதுரையைச் சுற்றி மலையை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷர்கள் அப்போது பெருகிக்கொண்டிருந்தன. அங்கிருந்து முப்பது வயதில், முப்பத்தைந்து வயதில், நாலு படி ஏறமுடியாதவர்களாக ஆட்கள் வந்தார்கள். கல் தூள் மூச்சோடு உள்ளே போய்த் தங்குகிறது. தங்கிய இடம் புண்ணாகி, ஆறி, வடுவாகிறது. வடு விரியாது. விரியாத நுரையீரலில் காற்று நுழையாது. இது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரே கிரஷரில் ஒருவன் ஐந்து வருஷத்தில் விழுகிறான், அவன் பக்கத்தில் நின்றவன் இருபது வருஷம் தாக்குப்பிடிக்கிறான். ஏன்?

இந்த நோயாளிகளின் சளியில் வாய்ப் பூச்சிகள் மொய்த்தன. நோயில்லாத ஆட்களிடம் சளி வாங்கிப் பார்த்தேன். அவை அநேகமாக இல்லை. எனக்குப் பொறி தட்டியது. வாயில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது, அங்கே புண்ணை ஆறவிடாமல் கிளறிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் சிலருக்குத் தழும்பு வேகமாக ஏறுகிறது. அப்படியானால் பூச்சியைக் கொன்றால் தழும்பை நிறுத்தலாம். மாத்திரை ஏற்கெனவே கடையில் இருக்கிறது. அழகான எண்ணம். இன்றைக்கும் எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

சோலை அந்த வார்டுக்கு வந்தது அப்போதுதான். வாடிப்பட்டி ரோட்டில் ஒரு கிரஷரில் கல் போடுகிறவர். முப்பது வயது. மூச்சு வாங்கினாலும் பேச்சு நிற்காத ஆள்.

“அக்கா, எம் பூச்சி எப்பிடி இருக்கு?”

“நல்லாக் கொழுத்துக் கெடக்கு. நீதான் எளச்சுப் போயிட்ட.”

“வாடகை குடுக்காமக் குடியிருக்குல்ல, கொழுக்காம என்ன செய்யும்?”

மாத்திரை ஆரம்பித்தேன். சில வாரங்களில் சோலையின் சளியில் பூச்சி இல்லை. இருமல் குறைந்தது. சாப்பிட்டார், உட்கார்ந்தார், வராந்தாவில் நடந்தார். என் குறிப்பில் ‘மருந்து வேலை செய்கிறது’ என்று எழுதினேன். அவர் அத்தனை வாரங்களாகத் தூள் இல்லாத இடத்தில் படுத்திருக்கிறார் என்பதை எழுதவில்லை. தோன்றவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சோலை கேட்டார். “சார், வேலைக்குப் போகலாமா?”

“போ. பூச்சி திரும்ப வந்தா மறுபடி மாத்திரை சாப்பிட்டுக்கலாம்” என்றேன்.

அந்தப் ‘போ’தான். வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அந்த ஓர் எழுத்து மட்டும் இன்றுவரை என் காதில் கேட்கிறது.

எங்கள் டெக்னீஷியன் வாசலில் குப்பிகளோடு நின்றிருந்தார். சோலை போனபிறகு, “பூச்சி போயிருச்சு, சரி சார். தூளு போயிருச்சா?” என்றார்.

“அது பழைய கதைம்மா” என்றேன்.

இதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஒருநாள் சீக்கிரம் வந்தேன். லேபின் பின்பக்கக் குழாயடியில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மறுநாளும் பார்த்தேன். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

“என்னம்மா இது? இது காலேஜா, உங்க ஊரு வாய்க்காலா?”

உங்க ஊரு என்று நான் அழுத்திச் சொன்னதற்கு அர்த்தம் இருந்தது. அது அவருக்குப் புரிந்ததும் எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினார். நிதானமாகக் கொப்பளித்தார், ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“ரெண்டாவது சாம்பிள் எடுக்கணும் சார். வழியை விடுங்க.”

என்ன இரண்டாவது சாம்பிள் என்று நான் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் போய் அதை நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

வடக்கே ஒரு மாநாட்டுக்கு நான் கிளம்ப மூன்று வாரம் இருந்தபோது அவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு.

“ஒரு மண்டலம் பாத்துட்டேன் சார். நாப்பத்தெட்டு நாளும் என் வாய்தான். வெளக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, வெளக்குன பெறகு ஒண்ணு.”

ஒருநாள் பஸ் போய்விடுமோ என்ற பதற்றத்தில் பல் துலக்காமல் ஓடிவந்திருக்கிறார். அன்றைக்கு அவருடைய முதல் வரிச் சாம்பிளில் பூச்சிகள் மொய்த்தன. மற்ற நாட்களில் தேடினாலும் கிடைக்காதவை. அதிலிருந்து தினமும் வேண்டுமென்றே வாய் கழுவாமல் வந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வாய் கழுவாமல் தெருவில் இறங்குவது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் யாரிடமும் பேசாமல், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அத்தனை தூரம் வந்திருக்கிறார். வந்ததும் மைக்ரோஸ்கோப். பிறகு குழாயடி. பிறகு மறுபடி மைக்ரோஸ்கோப்.

“நம்ம வார்டு ஆளுககிட்ட சிஸ்டர் விடியக்காலைலயே சளி வாங்கிர்றாங்க. வாய் கழுவுறதுக்கு முன்னாடி வாங்கணும்கிறது ரூல். நல்லா இருக்கவங்கன்னு நீங்க கூப்பிட்டீங்களே, கிளார்க்கு, ஸ்டூடண்டு, அட்டெண்டரு, அவங்கெல்லாம் பத்து மணிக்கு வாராங்க. பல்லு வெளக்கி, குளிச்சு, நெத்தி நெறைய துன்னூறு பூசி வாராங்க. ஒருத்தரு கிராம்பு மென்னுக்கிட்டு வந்தாரு. ஏன்னு கேட்டேன். டாக்டரு முன்னாடி வாயத் தெறக்கணும்ல, நாறக்கூடாதுல்லன்னாரு. டாக்டரப் பாக்கப் போறவன் எவனாச்சும் வாய் கழுவாமப் போவானா சார்?”

எங்கள் ஊரில் எவனும் போகமாட்டான். அவ்வளவுதான் விஷயம். நான் நோயாளிக்கும் நோயில்லாதவனுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தது கழுவிய வாய்க்கும் கழுவாத வாய்க்கும் உள்ள வித்தியாசத்தை. சளி நுரையீரலிலிருந்து கிளம்பினாலும் வாய் வழியாகத்தானே வெளியே வருகிறது.

அவர் அதோடு விடவில்லை. “சோலைக்கு நீங்க மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முந்துன நாளு, உப்புத்தண்ணியில நல்லாக் கொப்பளிக்கச் சொல்லி இன்னொரு சாம்பிள் வாங்குனேன். பூச்சி இல்ல. பதினேழாம் பக்கத்துல இருக்கு. என் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. ஆனா பூச்சி எனக்கும் இருக்கு.”

நான் நோட்டைப் புரட்டவில்லை. “ஒரு ஆளோட வாயை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாதும்மா” என்றேன்.

“அதத்தான் சார் நானும் சொல்றேன். எல்லாரையும் கழுவச் சொல்லிட்டு இன்னொரு தடவ பாப்போம்.”

“மூணு வாரத்துல மாநாடு.”

“பூச்சிக்கு அது தெரியாதுல்ல சார்.”

நோட்டை மேஜை டிராயரில் வைத்து மூடினேன். கோபத்தைக் காட்டாமல், பெருந்தன்மையாக, “கட்டுரையில உங்க பேரையும் போடப் போறேன்” என்றேன். எங்கள் துறையில் டெக்னீஷியன் பெயரைக் கட்டுரையில் போடும் வழக்கமே அப்போது இல்லை.

“என் பேரு வேண்டாம் சார்.”

“ஏம்மா, கௌரவம்தானே?”

“கௌரவம்னுதான் வேண்டாம்கிறேன்.”

இதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இல்லை, எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. மாநாட்டு மேடையில் நன்றி சொல்லும்போது, பெயர் வேண்டாம் என்று சொன்ன ஓர் அடக்கமான பெண்மணியைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். அதற்கும் கைதட்டினார்கள். அவ்வளவு பெருமைக்காரப் பெண்ணை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. தான் பார்க்காத ஒன்றின்கீழ் தன் பெயர் இருக்கக்கூடாது என்று சொன்னவரை, ஆயிரம் மைல் தள்ளிப் போய், அடக்கமானவர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கட்டுரை அச்சானது. எனக்குப் பெயர் வந்தது. அவர் வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்தார், முதல் வரியில் தன் வாயை எழுதினார். என்னிடம் அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு மாற்றம். நான் கொடுத்த கட்டுரைப் பிரதியை லேபில் சுவரில் ஒட்டச் சொன்னபோது, “பசை தீந்துபோச்சு சார்” என்றார். பசை பல மாதங்களுக்குத் தீர்ந்தே இருந்தது.

வேலைக்குத் திரும்பிய பத்தாம் மாதம் சோலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கினதுபோய், மூச்சுக்கு நடுவில் பேச்சு வந்தது.

“சார், பூச்சி திரும்ப வந்துருச்சு போல. அந்த மாத்திரையக் குடுங்க. பத்து நாள்ல எந்திரிச்சிருவேன்.”

நான் எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

“நீங்க போகச் சொன்னீகளேன்னு தெம்பாப் போனேன் சார். எங்க ஆளுககிட்டயும் சொல்லிட்டேன், தூளு இல்லப்பா, பூச்சிதான், டாக்டரே கண்டுபுடிச்சிட்டாருன்னு. மூணு பேரு மருந்துக்கடையில வாங்கி முழுங்கிட்டுத்தான் கல்லுப் போடுறாங்கெ.”

எங்கள் டெக்னீஷியன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி.

அறைக்குப் போய் டிராயரைத் திறந்து அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நாற்பத்தெட்டு நாள். ஓரிடத்தில்கூட ‘நான் நினைக்கிறேன்’ என்று இல்லை. பார்த்தது மட்டும். பதினேழாம் பக்கத்தில் சோலை.

மறுநாள் காலை பல் துலக்காமல் வீட்டை விட்டு இறங்கினேன். என் மனைவி, “உடம்பு சரியில்லையா?” என்றாள். வாயைத் திறக்காமல் கையை அசைத்தேன். பெரியார் பஸ் நிலையத்தைத் தாண்டும்போது தெரிந்தவர் ஒருவர் வணக்கம் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரைமணி நேரம். அவர் இதை ஒரு மண்டலம் செய்திருக்கிறார்.

லேபில் அவர் எதிரில் உட்கார்ந்தேன். “முதல்ல என் வாயைப் பாருங்க அக்கா” என்றேன்.

அக்கா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஈறை வழித்தார், ஸ்லைடில் வைத்தார், மணிக்கட்டில் ஒற்றினார், பார்த்தார், நகர்ந்து எனக்கு இடம் விட்டார். என் வாயின் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. சோலையினுடையவை போலவே.

“பத்திரிகைக்கு எழுதிடறேன்” என்றேன். “தப்புன்னு எழுதிடறேன்.”

“எழுதுங்க சார்.” ஸ்லைடைக் கழுவிக்கொண்டே கேட்டார். “அதைச் சோலை படிப்பாரா?”

சோலையிடம் போனேன். நான் சொன்னது தவறு என்று சொன்னேன்.

“அப்ப எனக்குப் பூச்சி இல்லையா சார்?”

“இருக்கு. அது எல்லாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு.”

“அப்ப நெஞ்ச இப்பிடி ஆக்குனது?”

“தூள்தான்.”

“தூளு அப்பவும் இருந்துச்சே சார்.”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “எங்க ஆளுககிட்டப் போய்ச் சொல்லுங்க. நாஞ் சொன்னா நம்பமாட்டாங்கெ. மொதல்ல பூச்சின்னு சொன்னவனே நாந்தானே” என்றார்.

மறுநாள் டெக்னீஷியனும் நானும் வாடிப்பட்டி பஸ்ஸில் போனோம். மின்விளக்கு தேவைப்படாத, கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தைத் திருப்பிப் பார்க்கும் பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று லேபில் இருந்தது. அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கண்டக்டர், “என்னக்கா, தையல் மிஷினா?” என்றார். “ஆமா, கிழிஞ்சதத் தைக்கப் போறோம்” என்றார். எங்கள் இருவர் வாயும் கழுவாத வாய். அவர் முந்தானையை எடுத்து மூடிக்கொண்டார், நான் கைக்குட்டையை.

கிரஷரில் சாப்பாட்டு நேரம். இயந்திரம் நின்றிருந்தது. புளியமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். தலை, புருவம், மரத்தின் இலை எல்லாம் ஒரே சாம்பல் வெள்ளை.

“வாங்க சார், வாங்க” என்றார் ஒரு பெரிய மீசைக்காரர். “மாத்திரை கொண்டாந்தீகளா, இல்ல காசு குடுத்துத்தான் வாங்கணுமா?”

“சோலைக்கு நான் சொன்னது தப்பு” என்றேன்.

“சத்தமாச் சொல்லுங்க சார். மிஷினுல நின்னு நின்னு காது அடைச்சுக் கெடக்கு.”

சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. “நான் சொன்னது தப்பு. பூச்சியால இல்ல. தூளாலதான்.” மலை அதைத் திருப்பிச் சொன்னது. ஒருவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

அவர் ஒரு பாறைமேல் மைக்ரோஸ்கோப்பை வைத்துக் கண்ணாடியைத் திருப்பினார். வழக்கப்படி முதலில் தன் ஈறை வழித்தார். பிறகு, “சார், வாயத் தெறங்க” என்றார். அத்தனை பேர் முன்னாலும் திறந்தேன்.

மீசைக்காரர் முதலில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “யோவ், டாக்டரு வாயில ஓடுதுய்யா” என்றார். அப்புறம் வரிசை கட்டிவிட்டார்கள். “மாப்ள, வாலு ஆட்டுது பாரு.” “அம்புட்டும் சாருதா?” “எங்களுக்கு மாத்திரை எழுதுனீகளே சார், உங்களுக்கு யாரு எழுதுறது?” சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேருக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

பிறகு எட்டி ஒரு புளியங்கிளையை வளைத்து, இலையில் விரலை இழுத்து, அந்த விரலை அவர்கள் முன்னால் நீட்டினார். “பூச்சி எனக்கும் இருக்கு, சாருக்கும் இருக்கு. நாங்க மூச்சு வாங்கலையே. உங்க நெஞ்சுல தங்குறது இது. பூச்சிக்கு மாத்திரை இருக்கு. வடுவுக்கு இல்ல. முடிஞ்சவங்க வேற வேலைக்குப் போங்க. முடியாதவங்க கல்லுல தண்ணி தெளிச்சு ஈரத்துல உடைங்க. காஞ்ச கல்லத் தொடாதீக.”

“மொதலாளி தண்ணிக்கு எங்க போவாரு?”

“அது அவரு பாடு. நீங்க எல்லாரும் ஒண்ணாப் போய்க் கேளுங்க.”

கேட்டார்கள். இழுத்தடித்து, சண்டை போட்டு, ஒரு தொட்டியும் குழாயும் வந்தன. நாலைந்து பேர் வேலையை விட்டே போனார்கள். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை, மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, வீடு திரும்பும் வழியில் அந்தக் கிரஷர் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்குவார். உள்ளே போகமாட்டார். தரை ஈரமாக இருக்கிறதா என்று ரோட்டில் நின்றே பார்ப்பார். ஈரமாக இருந்தால் அடுத்த பஸ் பிடிப்பார். காய்ந்திருந்தால் அப்போதுதான் உள்ளே போவார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. பல வருஷம் கழித்து அந்த மீசைக்காரர் சொன்னார்.

சோலை திரும்ப எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆடிக்குள் போய்விட்டார். முதலிலேயே வேலையை விட்டிருந்தால் எத்தனை வருஷம் இருந்திருப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து மாதத் தூள் நான் அனுப்பியது.

பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை அவரிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் ஆறே வரி. எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படித்தார்.

“இதுல தப்புன்னு எந்த எடத்துல சார் இருக்கு?”

மறுபரிசீலனை, சில வரம்புகள், மேலும் ஆய்வு தேவை என்றெல்லாம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, முடிவு தவறு என்று எழுதினேன். கழுவிய வாயும் கழுவாத வாயும் என்ற காரணத்தை எழுதினேன். நாற்பத்தெட்டு நாள் நோட்டைப் பற்றி எழுதினேன். மறுபடி படித்தார்.

“இதுல என் பேரப் போடலாம் சார்” என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அவர் பெயர் என்ன என்று கேட்கலாம். இங்கே எழுதமாட்டேன். போடச் சொல்லி அவர் கேட்டது அந்த ஓர் இடத்தில்தான். யாரும் புரட்டாத ஒரு கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அது அச்சாகியிருக்கிறது. முதல் வரியில் அவர் பெயர். அதற்கு அடுத்த வரியில் என் பெயர்.